லீவில் வந்த சிப்பாய்

பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’ (2003) பற்றி எங்கட ஆக்கள் பேசத் தொடங்கினால், பேச்சு அரபாத்தோடு தொடங்கி அரபாத்தோடேயே முடிந்துவிடும். புலிகளால் வெளியேற்றப்படும் முஸ்லிம் குடும்பத்துப் பையன். தன் நாயை விட்டுப் போக மனம் வராதவன். 1990 ஒக்டோபரில் எமக்கு நேர்ந்ததைச் சிங்களப் படமொன்று மனிதத்தோடு சொன்னது பெரிய விசயம்தான். ஆனால் படத்தில் இன்னும் இரண்டு கதைகள் இருக்கின்றன. காணாமற்போன விமானியான தன் கணவனைத் தேடி அலைகிற சாமரியின் கதை ஒன்று. மற்றது, லீவில் நிற்கும் இளம் சிப்பாய் துமிந்தவின் கதை. இந்தப் பொடியனைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

அநுராதபுரத்தில் கூட்டாளிமாரோடு விபச்சார விடுதியொன்றுக்குள் நுழைகிறான். அங்குள்ள பெண்களில் ஒருத்தி அவனது சொந்தச் சகோதரி. இவ்வளவுதான் சம்பவம். இது பழைய நாடக உத்தி, தற்செயலை நம்பி நிற்கும் கதை என்று சொல்பவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடக்குப் போர்முனைக்குப் போகிற, அங்கிருந்து வருகிற படையினர் இறங்கி ஏறிய ஊர் அநுராதபுரம். வெள்ளையுடுத்தி யாத்திரிகர் வரும் அதே நகரில், சிப்பாயின் சம்பளத்தை எதிர்பார்த்து இன்னொரு வியாபாரமும் நடந்தது. கிராமத்து வறுமை மகனை ஆமிக்கு அனுப்பியது. மகளை இங்கே அனுப்பியிருக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரும் யுத்தத்தின் இரண்டு முனைகளில் சந்திப்பதைத் தற்செயல் என்று எப்படித் தள்ளுவது?

இதே இயக்குநரின் ‘புரஹந்த களுவர’வில் (1997) மகன் முத்திரையிட்ட பெட்டியாக வருகிறான், கண் தெரியாத தகப்பன் வன்னிஹாமி அந்தப் பெட்டியைத் தோண்டித் திறக்கிறார். துமிந்த உயிரோடு, முழு உடம்போடு வந்திருக்கிறான். ஆனாலும் உம்மா வாப்பா முகத்தைப் பார்க்க முடியாதவனாகிவிடுகிறான். எனக்கு இரண்டாவதுதான் கூடுதலாகச் சுட்டது.

குறையும் உண்டு. கதை அவனுடைய வெட்கத்தின் கதையாகவே நிற்கிறது. அவளுக்கு லீவு இல்லை. அவள் எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்பதற்குப் படம் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்.

லீவு என்றால் திரும்பிப் போகிற திகதி ஒன்று உண்டு, திரும்பி வர வீடும் உண்டு. அரபாத்துக்கு இரண்டுமே இல்லை. நாலைந்து நாளில் ஊருக்குப் போகலாமென்று நம்பிப் புத்தளத்தில் கொட்டில் போட்டவர்களை எங்களுக்குத் தெரியும். அந்த நாலைந்து நாள் பல ஆண்டுகளாகியது.

இந்த மாந்தரை இயக்குநர் ஓரிடத்தில் சந்திக்க வைக்கவில்லை. நல்லதுதான். துமிந்த சீருடையோடும் அரபாத்தின் வாப்பா ஒரு மூட்டையோடும் சந்திக்கக்கூடிய இடம் அன்றைய நாட்டில் ஒன்றுதான் இருந்தது: சோதனைச் சாவடி.