இறுக்கிப் பிடி என்று சொன்னால் போதுமா?

கண்டியைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் இருமினாலும் தும்மினாலும் ஒண்ணுக்குக் கசியும் பெண்கள் பலர் அதை ஒரு நோயாகவே நினைப்பதில்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஈரத்தை மறைத்துவிடுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு இது வழமைதானே என்று தாயும் மாமியாரும் சொல்லிவிடுகிறார்கள். மலையில் மறைவிடம் இல்லை என்பதால் தண்ணீர் குடிப்பதையே பலர் குறைத்துக்கொள்கிறார்கள். மூத்திரக் கடுப்பும் அதோடு சேர்ந்துவிடுகிறது.

இவர்களுக்கு மருத்துவம் முதலில் சொல்வது மருந்தும் அல்ல, சத்திரசிகிச்சையும் அல்ல, ஒரு பயிற்சி. முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை தூளிபோல விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்துவதுதான் அது. பிரசவத்தில் இழுபட்ட அந்தத் தசைகளுக்கு மறுபடி பலம் ஏற்றலாம் என்று அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னல்ட் கேகல் 1948இல் எழுதினார். அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்பதற்கு இன்று வலுவான சான்று இருக்கிறது. 14 நாடுகளில் 1,817 பெண்களிடம் நடந்த 31 ஆய்வுகளை, மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் குழு 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இருமல், தும்மலில் கசியும் பெண்களில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 பேர்தான். காசில்லாமல், பக்கவிளைவு மிகக் குறைவாக இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் மருத்துவத்தில் அதிகமில்லை.

ஆனால் அந்த ஆய்வுகளில் பெண்களுக்குப் பெரும்பாலும் ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார், செய்வது சரியா என்று பார்த்தார். நம் கிளினிக்குகளின் நெரிசலில் அது "வீட்டுல இறுக்கிப் பிடிச்சுப் பழகுங்க" என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது. பயிற்சியின் பெரிய பலவீனம் இங்கேதான். 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப்பேர் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் கீழ்நோக்கி முக்கினார்கள். மூன்று மாதம் முக்கிவிட்டுப் பலனில்லை என்று கைவிடும் பெண்ணிடம் குறை காண நமக்கு என்ன உரிமை?

சரியான முறை கடினமானதல்ல. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே மேலே இழுக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையும் பின்புறமும் தளர்வாக இருக்க வேண்டும். சில விநாடி பிடித்து, முழுவதுமாக விட வேண்டும். பிரித்தானிய வழிகாட்டல் ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் என்கிறது. இருமுவதற்கு முன், கொழுந்துக் கூடையைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை இறுக்கிக்கொள்வதும் உதவும். 1998இல் 27 முதிய பெண்களிடம் செய்த ஆய்வில், இருமலுக்கு முன் இறுக்கப் பழகிய ஒரே வாரத்தில் கசிவு குறைந்தது.

தசை இறுகுவதைக் காட்டும் மின்கருவி வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. பிரித்தானியாவில் 600 பெண்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், கருவியோடு பழகியவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. நமக்கு இது நல்ல செய்தி. தேவைப்படுவது பழகிய கை ஒன்றுதான்.

எல்லாக் கசிவுக்கும் இது மருந்தாகாது என்பதையும் சொல்ல வேண்டும். அடக்க முடியாமல் திடீரென முட்டிக்கொண்டு வருவதற்கு மூத்திரப்பையைப் பழக்கும் பயிற்சியும் வேண்டும். கிருமித்தொற்று, நீரிழிவு, கருப்பை இறக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பயிற்சியை நிறுத்தினால் பலனும் மெல்லத் தேயும். நாள் முழுக்கப் பாரம் சுமந்து சரிவில் ஏறி இறங்குபவளிடம் தசையை மட்டும் பலப்படுத்தச் சொல்வது நியாயமும் ஆகாது. சுமையைக் குறைப்பதும் மலையில் கழிப்பறை கட்டுவதும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.

கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் அருகில் இருக்கின்றன; பேராதனைப் பல்கலைக்கழகம் பிசியோதெரபி பட்டதாரிகளை உருவாக்குகிறது. ஆனால் கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ பஸ் ஏறி வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். மூன்று மாதம் யார் வருவார்கள்? ஆகவே பயிற்சிதான் அவர்களிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள் கிளினிக்கிலேயே தொடங்கலாம்: கசிவில்லாத பெண்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பழகினால், பிந்திய மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு 62 சதவீதம் குறைவதாக 2020இல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. பிரசவத்துக்குப் பின் மிட்வைஃப் எப்படியும் லயத்துக்கு வருகிறார். தாய்ப்பால் பற்றிக் கேட்கும்போதே கசிவு உண்டா என்றும் அவர் தமிழில் கேட்கலாம். 35, 45 வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைக்கும் வெல்வுமன் கிளினிக்கில், அதே மேசையில், அவர்களின் சம்மதத்தோடு, கையுறை அணிந்த விரலைச் சுற்றித் தசை இறுகுகிறதா என்று பார்த்துவிடலாம். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.