ஏழு குன்றும் ஒரு மோட்டாரும்

ரோமில் தனி கைடு வைத்துக்கொண்டு மின்சார சைக்கிளில் ஊர் சுற்றலாம். மோட்டார் 250 வாட். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் கைவிட்டுவிடும், ஐரோப்பியச் சட்டம். சும்மா உட்கார முடியாது, மிதிக்கணும். முழங்கால்வலிக்காரர்களுக்கு வரம்தான். ஆனால் ஏழு குன்றுகளின் நகரம் சமதரையாகிவிடுகிறது. தவிர, வேகம் வந்ததும் பார்ப்பது போய், பார்த்ததாக டிக் அடிப்பது வந்துவிடுகிறது. அவெந்தீன் குன்றில் ஒரு கதவின் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தால் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் கச்சிதமாகத் தெரியும். அதற்கு க்யூ உண்டு. கைடு வாட்ச்சைப் பார்த்தால் அசராதீர்கள், காசு கொடுத்தது நீங்கள். கி.மு. 312-ல் போட ஆரம்பித்த அப்பியன் சாலையில் பழைய கருங்கல் பாளங்கள் வந்ததும் மோட்டார் ஜம்பம் பலிக்காது; முதுகெலும்பு கல் கல்லாக எண்ணும். இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். கைடு கொஞ்ச நேரம் பேசாமல் வந்தால் உத்தமம்.