பட்டினி தந்த பாடம்

மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் ஒடிசாவின் இல்லங்களில் பெண்கள் தரை மெழுகி, அரிசிமாக் கோலமிட்டு, படியிலே நெல் நிரப்பிவைத்து ஒரு நூலைப் படிப்பர். 'லட்சுமி புராணம்' என்பது அதன் பெயர். இயற்றியவர், பஞ்சசகாக்கள் என்னும் ஐந்து கவிஞருள் ஒருவரான பலராம தாசர். ஏறத்தாழ 500 ஆண்டுகட்கு முற்பட்டவர். புராணம் என்றதும் நம் தோழர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றே பொறுத்துக் கதையைக் கேட்கட்டும்.

பூரிக் கோயிலை விட்டு நகர்வலம் வந்த லட்சுமி, சிரியா என்னும் சண்டாளப் பெண்ணின் தூய குடிசைக்குள் நுழைகிறாள். கண்டார் மூத்தவர் பலராமர், தீட்டு என்றார், துரத்து என்றார். கட்டிய மனைவியைத் துரத்தினார் ஜகந்நாதர். பிறகு? களஞ்சியம் காலி! உலகுக்கே படியளப்பதாகச் சொல்லப்பட்ட உடன்பிறந்தார் இருவரும் பிச்சைக்குப் புறப்பட்டனர். வந்து நின்றதோ சண்டாளி வீடென்று அறியப்பட்ட இல்லத்து வாசலில். 'அரிசி கொடுங்கள், நாங்களே சமைத்துக்கொள்கிறோம்' என்று ஆசாரம் பேசினர். அடுப்பு எரியவில்லை, வயிறு எரிந்தது. உண்டனர்! லட்சுமியோ, பார்ப்பனரும் சண்டாளரும் வேற்றுமையின்றி ஒருவர் கையால் ஒருவர் உண்ணல் வேண்டும் என்று நிபந்தனை விதித்த பின்னரே வீடு திரும்பினாள்.

தீட்டுப் பேசிய தெய்வத்தையே பிச்சையெடுக்க வைத்த கவிஞரின் நெஞ்சுரத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும் போற்றுதலோடு நின்றுவிடுதல் திறனாய்வு ஆகாது.

ஆசாரத்தை வீழ்த்தியது எது? அறிவா? நீதியுணர்ச்சியா? இல்லை, பசி! தேவி இரங்கினாள், ஆதலால் சிரியா உயர்ந்தாள். அதுவும் எத்தகைய சிரியா? விடியுமுன் எழுந்து, வீடு மெழுகி, நோன்பு தவறாதவள். நோன்பு நோற்காத சிரியாக்களின் கதி என்ன? பாட்டில் விடையில்லை. மனிதராய்ப் பிறந்தோர்க்கு உரிமையாக வரவேண்டிய மதிப்பு, இங்கே நன்னடத்தைக்குப் பரிசாக வருகிறது. பரிசு தருவோர் கை, பறிக்கவும் அறியும்.

மேலும், இலையிலே வந்த சமத்துவம் வாயிலிலே வந்ததா? 1938-இல் கஸ்தூரிபா பூரிக் கோயிலுக்குள் சென்றபோது, தாழ்த்தப்பட்டோர்க்குத் திறவாத கோயிலில் நுழையலாமா என்று காந்தியார் மனம் நொந்தார். 1950-இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னரும், 2006-இல், கேந்திரபாடா மாவட்டத்துக் கேரடாகடா ஜகந்நாதர் கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைய, உயர்நீதிமன்றம் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது!

நூற்றாண்டுக் கணக்கில் வியாழன்தோறும் ஓதிய பாட்டு சாதிக்காததைச் சட்டமும் போராட்டமும் சாதிக்க வேண்டியிருந்தது ஏன்? பாட்டைப் பூசையாக்கினர், பூசையானதும் பொருள் உறங்கிற்று. ஒடிசாவின் இளைஞர் அதனைக் கோலத்திலிருந்து எடுத்துக் கருத்து மன்றத்தில் வைத்துப் படிக்கட்டும். லட்சுமி விதித்த நிபந்தனை அருளாக அன்று, உரிமையாக ஒலிக்கும் நாளில்தான் பலராம தாசரின் பாட்டு நிறைவுபெறும்.