இரண்டு நாவல்கள், ஒரு கண்மாய்

'இப்ப என்ன படிச்சுக்கிட்டிருக்கீங்க?' என்று யாராவது கேட்டால் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வது நம் வழக்கம். எது பிடித்தது, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்டவருக்குப் பிரயோஜனம். எனவே, இந்த வாரம் என் மேஜை மேல் இருக்கும் இரண்டு நாவல்கள். சோ. தர்மனின் 'சூல்' (2016), பூமணியின் 'அஞ்ஞாடி' (2012). இரண்டும் கரிசல் காட்டுக் கதை. இரண்டும் சாகித்ய அகாதமி விருது வாங்கியவை.

இவற்றை எங்கே உட்கார்ந்து படிக்கலாம் என்று கேட்டால் ஆனைக்குட்டம் என்பேன். திருத்தங்கல் பக்கம், அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய அணை. நதி என்றதும் காவிரியைக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். மழை பெய்தால் நதி, இல்லாவிட்டால் மணலும் கருவேலமும்தான். விருதுநகர்க்காரர்கள் குடிதண்ணீருக்கு இதைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஷட்டர் ஒழுகுகிறது, தேக்கிய தண்ணீர் வீணாகிறது என்று பேப்பரில் பல வருஷம் செய்தி வந்த அணை.

இந்தப் பக்கத்து வானத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. 'பெய்யேன்' என்று கண்மாய் கேட்கும். 'பெய்யாதே' என்று பட்டாசுத் தொழில் கேட்கும். மருந்தும் திரியும் காய வெயில் வேண்டும். தூறல் போட்டால் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தபோது, அதுவரை சாபமாக இருந்த வெயில் சிவகாசிக்கு முதலீடாகிப் போனது. தண்ணீர் இல்லாத ஊர்கள் நெருப்பை வைத்துப் பிழைத்தன.

சரி, தண்ணீர் இருந்த காலத்தில் இந்தச் சீமை எப்படி இருந்தது? அதைத்தான் 'சூல்' சொல்கிறது. எட்டயபுரம் சமஸ்தானத்து உருளைக்குடி. கதாநாயகன் யார் என்று தேடினால் ஊர்க் கண்மாய்தான். நிறைந்து நிற்கும் கண்மாயைச் சூல்கொண்ட பெண்ணாகப் பார்க்கிற கண் தர்மனுக்கு. கரம்பை அள்ளுவது, கரையைப் பலப்படுத்துவது, தண்ணீரைப் பங்கு வைக்கிற நீர்ப்பாய்ச்சியின் பொறுப்பு, மீன், பறவை, மரம், சாமி, வசவு, கெக்கலிப்பு... கண்மாயைச் சுற்றி ஒரு முழு உலகமே வாழ்கிறது. பாடப்புத்தகத்தில் 'குடிமராமத்து' என்று ஒரே வார்த்தையில் கடந்துபோன விஷயம் இதில் வியர்வை வாசத்தோடு வருகிறது. கரிசல் பேச்சு புரியாதவர்கள்கூட இருபது பக்கத்தில் பழகிவிடுவார்கள்.

கொட்டாவி எங்கே? சுதந்திரத்துக்குப் பிறகு. கதை சொல்லிக்கொண்டிருந்தவர் கையில் திடீரென்று மைக் வந்துவிடுகிறது. அரசியல்வாதிகள் கண்மாயைக் கெடுத்த கதை உண்மைதான். ஆனால் பாத்திரங்கள் பேச வேண்டியதை ஆசிரியரே பேசிவிடுகிறார். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. படித்து முடித்ததும் 'அடடா, அந்தக் காலம்!' என்று ஒரு பெருமூச்சு வருகிறது. அந்தப் பெருமூச்சின் மேல் எனக்குச் சந்தேகம். ஆளுக்கொரு வேலை என்று பிரித்துவைத்த அழகான ஏற்பாட்டுக்குள் சாதியும் இருந்தது. 'கூகை'யை எழுதிய தர்மனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் 'சூல்' நாவலில் அந்த முள் அதிகம் குத்தவில்லை.

அதற்குத்தான் 'அஞ்ஞாடி'யைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இதில் ஊரின் பெயரே கலிங்கல். நிறைந்த கண்மாயின் உபரித் தண்ணீர் வழிந்து போகிற இடம். அதே கரிசல், அதே தண்ணீர். ஆனால் பூமணி கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார். தாது வருஷப் பஞ்சம், 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கொள்ளை. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம், எந்தக் கோயிலுக்குள் யார் நுழையலாம் என்பதற்காக வீடுகள் எரிந்திருக்கின்றன. பட்டாசு வருவதற்கு முன்னாலேயே சிவகாசி ஒருமுறை வெடித்திருக்கிறது.

இதற்கு நடுவில் ஆண்டி, மாரி என்று இரண்டு சிநேகிதர்கள். ஒருவன் விவசாயக் குடும்பம், மற்றவன் ஊருக்குத் துணி வெளுக்கிறவன் வீட்டுப் பிள்ளை. சாதி போட்ட கோட்டைத் தாண்டிய அந்தச் சிநேகிதம் தமிழில் எழுதப்பட்ட அருமையான நட்புகளில் ஒன்று.

குறையும் உண்டு. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் புத்தகம். வரலாறு நுழைந்ததும் ஆண்டியும் மாரியும் காணாமல் போகிறார்கள். தகவல் தகவலாக வந்து விழும்போது, 'அந்த ரெண்டு பயலுகளும் எங்கப்பா?' என்று கேட்கத் தோன்றுகிறது. சிறிய அளவில் பூமணி எவ்வளவு கூர்மையானவர் என்பதற்கு 'வெக்கை' சாட்சி. 2019-ல் 'அசுரன்' படமாகப் பார்த்தீர்களே, அதன் மூலம். அந்தச் சிக்கனம் இதில் இல்லை.

இருந்தாலும் இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு 'அஞ்ஞாடி'க்கு. 'சூல்' நாம் இழந்ததைக் காட்டி ஏங்க வைக்கிறது. 'அஞ்ஞாடி' அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்க வைக்கிறது. ஒழுகுகிற ஷட்டரைப் பார்த்துக் கோபப்பட முதல் புத்தகம் போதும். நாளைக்கே ஷட்டர் சரியாகி அணை நிரம்பினாலும், அந்தத் தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் போகும், எந்தத் தெருவுக்குக் கடைசியில் போகும் என்று யோசிக்க இரண்டாவது வேண்டும்.

புத்தகம் கனம். படுத்துக்கொண்டு படித்தால் மார்பு வலிக்கும். உட்கார்ந்தே படியுங்கள்.