மறுபிறவிப் புதினமும் மறுமைச் சிந்தனையும்

மறுபிறவியைக் கருவாகக் கொண்ட ஜப்பானியப் புனைவுகள் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்குள் வந்து குடியேறிவிட்டன. பெற்றோருள் சிலர் இவை அகீதாவைச் சிதைக்கும் நூல்கள் என அஞ்சி விலக்குகின்றனர். வேறு சிலர் சிறுபிள்ளை விளையாட்டென விட்டுவிடுகின்றனர். இரு சாராரும் நூலைப் படித்தவர் அல்லர். ஒரு நூலைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் அதனை முறையாக ஓதியறிவது நம் கல்வி மரபின் முதற்பாடம்.

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் கொல்லிமலையின் செம்மேட்டில் தங்கியிருந்த நாட்களில், அவர்களுள் ஒருவரிடமிருந்து வாங்கி இத்தகைய தொடரொன்றின் ஆங்கில மொழியாக்கத்தைப் படிக்கத் தொடங்கினோம். இடமும் பொருத்தமாகவே அமைந்தது. இம்மலையின் பாவையைப் பூதம் சமைத்தது என்று நற்றிணை குறிக்கிறது. அது தன் நகையால் ஆடவரை ஈர்த்துக் கொல்லும் என்பது பிற்காலக் கதைமரபு. கற்பனைக்கு ஈர்க்கும் முகமும் அழிக்கும் முகமும் உண்டென்பதைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிவர்.

நாம் படித்த தொடர் 'முஷோகு தென்செய்'. 'வேலையற்றவனின் மறுபிறவி' என்பது அதன் பொருள். ரிஃபுஜின் நா மகொனோதே என்னும் புனைபெயருடையார் 2012 முதல் 2015 வரை இணையத்தில் தொடராக எழுதியது, 2014 முதல் 2022 வரை 26 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. பள்ளியில் சக மாணவரால் இழிவுபடுத்தப்பட்டு, அதன்பின் அறையைவிட்டு வெளிவராமலே முப்பத்து நான்கு வயதை எட்டிய ஒருவன் கதையின் நாயகன். பெற்றோரின் இறுதிச் சடங்கிற்கும் வராத அவனை உடன்பிறந்தோர் வீட்டைவிட்டு விரட்டுகின்றனர். தெருவில் லாரியொன்றின் முன்னே சிக்கிய மாணவரைக் காக்க முனைந்து உயிர்விடும் அவன், மந்திரமும் வாளும் ஆளும் வேற்றுலகில் ருடியஸ் என்னும் குழந்தையாகப் பிறக்கிறான். பழைய நினைவு முழுவதும் அவனுடன் வருகிறது.

இந்நாயகன் வெறும் கற்பனை அல்லன். ஜப்பானில் இவ்வாறு ஒடுங்கி வாழ்வோரை 'ஹிக்கிகொமோரி' என்பர். 40 முதல் 64 வயதிற்குட்பட்டோரில் மட்டும் இத்தகையோர் ஏறத்தாழ 6,13,000 பேர் என அந்நாட்டு அமைச்சரவை அலுவலகம் 2019-இல் மதிப்பிட்டது. வாழ்வைத் தவறவிட்டோம் என்னும் துயரமே இக்கதையின் ஊற்று.

தமிழ் வாசகருக்கு இங்கே மணிமேகலை நினைவுக்கு வராமல் இராது. மணிபல்லவத்துப் புத்த பீடிகையைக் கண்டதும் மணிமேகலைக்கு முற்பிறவி விளங்குகிறது. தன்னைத் தொடரும் உதயகுமரன் முன்பு இராகுலன் என்னும் தன் கணவனாயிருந்தவன் என அறிகிறாள். சாவகத்து மன்னன் புண்ணியராசனோ, முற்பிறவியில் ஆபுத்திரனாய் இறந்த தன் எலும்புகளையே அத்தீவின் மணலில் காண்கிறான். சாத்தனாரிடம் பழம்பிறப்பின் அறிவு பற்றை அறுக்கவும் பசித்தோர்க்கு உணவிடவும் உதவுகிறது. ஜப்பானியத் தொடரிலோ அதே அறிவு மூலதனமாகிறது: மற்றக் குழந்தைகள் மழலை பேசும் பருவத்தில் நாயகன் மந்திர நூல் கற்கிறான். ஒரே பௌத்த வேரிலிருந்து கிளைத்த இரு கதைகளுள் ஒன்று துறவையும் மற்றொன்று முன்னேற்றத்தையும் பேசுவது கருதத்தக்கது.

நம் அறிஞர்கள் மறுபிறவிக் கொள்கையைக் கண்டு அஞ்சி ஓடியவர் அல்லர். ஏறத்தாழ 1030-இல் இந்தியா பற்றி எழுதிய அல்பீரூனி, 'தனாஸுக்' எனப்படும் இக்கொள்கையை இந்தியச் சமயங்களின் அடையாளமாகவே கண்டு, அவர்தம் நூல்களைக் கொண்டே விளக்கினார். அவர் காலத்தவரான இப்னு சீனா தர்க்கத்தால் இதனை மறுத்தார். உடல் உருவாகும்போதே அதற்குரிய ஆன்மா தோன்றுகிறது. வேறோர் ஆன்மாவும் வந்து புகுமாயின் ஓருடலில் ஈருயிர் இருக்க நேரும் என்பது அவர் வாதம். ஒன்றை விளங்கிக்கொள்வதும் அதனை மறுப்பதும் இரண்டும் நம் மரபே.

தொடரின் உச்சம் எனத்தக்கது பன்னிரண்டாம் தொகுதி. சுரங்கமொன்றில் சிக்கிய தாயை மீட்கும் போரில், மகனைக் காத்துத் தந்தை பால் உயிர்துறக்கிறார். முன்னர்ப் பெற்றோரின் இழப்பிற்கு அசையாதிருந்தவன் இப்போது நொறுங்கிப்போகிறான். இப்பகுதியைப் படித்து நாம் கலங்கினோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. முதல் பெற்றோர்க்குச் செய்யத் தவறிய கடன் என்னாயிற்று? இரண்டாம் தந்தைக்காகச் சிந்தும் கண்ணீர் முதல் தந்தையின் கணக்கில் வரவாகுமா? 'ஹுகூகுல் இபாத்' எனப்படும் மனித உரிமைகளில், உரிமைக்குரியவரிடமே கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது நம் நெறி. வினைத்தொடர் பேசும் மணிமேகலையும் பழைய உறவினரையே புதிய பிறவியில் கொணர்ந்து நிறுத்துகிறது. இத்தொடரோ பழைய உலகை வாயிலுக்கு வெளியே விட்டுக் கதவடைத்துவிடுகிறது. இதன் பெருங்குறை இதுவே.

மற்றொரு குறை பெண்களைக் குறித்த நாயகனின் இழிந்த பார்வை. அவனைக் குறையுள்ளவனாகப் படைத்தமை குற்றமன்று. அக்குறையைப் பலவிடத்தும் நகைச்சுவையாக்கியமையே குற்றம். இளையோர் கையில் இந்நூலைக் காணும் பெற்றோர் கவலைப்பட வேண்டியது மறுபிறவியைவிட இதனைப் பற்றியே.

உயிர் பிரியும் வேளையில் மீண்டும் உலகிற்கு அனுப்புமாறு இறைஞ்சுவோரைப் பற்றி அல்முஃமினூன் அத்தியாயத்தின் 99, 100-ஆம் வசனங்கள் கூறுகின்றன. அவ்வேண்டுகோள் ஏற்கப்படுவதில்லை, அவர்கள் முன் 'பர்ஸக்' என்னும் திரை நிற்கிறது. அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டால் என்னவாகும் எனக் கற்பனை செய்வதே இத்தொடர். ஆயினும் ருடியஸ் திருந்தும் முதற்படியில் மறுபிறவிக்குப் பங்கில்லை. வேற்றுலகில் பிறந்த பின்னும் வாயிலைத் தாண்ட அஞ்சும் அவனை, ஆசிரியை ரொக்ஸி குதிரையிலேற்றி ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறாள். அச்சம் அன்றே அகல்கிறது. அவனை மாற்றியது மந்திரமன்று. ஓர் ஆசிரியரின் பரிவு. அப்பரிவு முதல் வாழ்விலேயே கிட்டியிருக்கக் கூடியதன்றோ?

ஆகவே இந்நூல்களைப் படிக்கும் பிள்ளையிடம் தனாஸுக் தவறென்று சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். அத்துடன், இன்னொரு பிறவியை அவன் ஏன் விரும்புகிறான் என்றும் கேட்க வேண்டும். தவ்பாவின் வாயில் இவ்வுலகிலேயே திறந்திருக்கிறது என்று மிம்பரில் முழங்கும் நாம், அறைக்குள் ஒடுங்கிய ஒருவனை அவ்வாயில்வரை கைப்பிடித்து அழைத்துச் செல்லும் கடமையும் உடையோம்.