தூங்குகிறவனும் எழுந்து போகிறவர்களும்

‘இந்தப் படத்துல யாருக்கும் யாருக்கும் சம்பந்தமே இல்லையே தோழர்’ என்றார் பக்கத்தில் இருந்தவர். கீரா முரத்தோவாவின் ‘அஸ்தெனிக் சிண்ட்ரோம்’ (1989) படத்தை வாடகை புரொஜக்டரில் முப்பது பேருக்கு நாங்கள் திரையிட்ட இரவு அது. முக்கால் மணி நேரத்துக்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். தோழர் சொன்னது குற்றச்சாட்டு. அதையே இந்தப் பிரதிக்கான நுழைவாயிலாகக் கொண்டால் என்ன என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முரத்தோவா (1934–2018) ஒடேஸா ஸ்டுடியோவில் வேலை செய்தவர். ஊர் உக்ரைனுடையது, படத்தின் மொழி ரஷ்யன், தயாரித்த அரசு சோவியத். ‘ரஷ்யப் படம்’ என்று ஒரே சொல்லில் இதை அடைத்துவிட முடியாது. 2022 படையெடுப்புக்குப் பிறகு இன்னும் முடியாது. 1967இலும் 1971இலும் அவர் எடுத்த படங்கள் பெரஸ்த்ரோய்க்கா வரும்வரை முடங்கிக் கிடந்தன. வெளிப்படைத்தன்மை பேசிய அந்தக் காலத்திலேயே இந்தப் படத்தையும் கோஸ்கினோ நிறுத்தி வைத்தது. கடைசியில் மெட்ரோ ரயிலில் ஒரு பெண் பேசும் கெட்ட வார்த்தைகள் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. 1990 பெர்லின் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு வெள்ளிக்கரடி கிடைத்தது.

படம் இரண்டாக உடைந்திருக்கிறது. முதல் நாற்பது நிமிடம் கறுப்பு வெள்ளை. கணவனைப் புதைத்துவிட்டு வரும் டாக்டர் நதாஷா தெருவில் எதிர்ப்படுகிறவர்களை இடித்துத் தள்ளுகிறாள், வேலையை விடுகிறாள், குடிகாரன் ஒருவனை வீட்டுக்குக் கூட்டி வந்து பிறகு விரட்டுகிறாள். செத்தவனின் முகச்சாயல் ஸ்டாலினை நினைவூட்டுவதால், ‘ஓ, தேசத்தின் துக்கம்’ என்று நாம் உருவகத்தைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்கிறோம். அப்போது விளக்கு எரிகிறது. இவ்வளவு நேரம் பார்த்தது ஒரு தியேட்டரில் ஓடிய படம். இனி வண்ணம். மேடையில் ஒருவர் நடிகையை அறிமுகப்படுத்தி, கெர்மன், சொகூரவ், முரத்தோவா என்று பெயர்களை அடுக்கி, கனமான சினிமா பற்றிப் பேசலாம், இருங்கள் என்று கெஞ்சுகிறார். ஜனங்கள் முண்டியடித்து வெளியேறுகிறார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒருத்தன் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கிறான்: பள்ளி ஆசிரியன் நிக்கோலாய்.

அதன்பின் கதை என்று ஒன்று இல்லை. மீனுக்கு முட்டி மோதும் கூட்டம், டிரம்பெட் வாசிக்கும் பருத்த ஆசிரியை, வகுப்பறை, மெட்ரோ. வருகிறவர்கள் வருகிறார்கள், திரும்பி வராமலும் போகிறார்கள். நிக்கோலாய் நடுநடுவே கண்ணை மூடிவிடுகிறான். அஸ்தெனியா என்பது உடலும் மனமும் ஓய்ந்துபோகும் நிலை. அது சிலரிடம் எரிச்சலாகவும் சிலரிடம் சோர்வாகவும் வெளிப்படும். நதாஷாவின் கோபமும் நிக்கோலாயின் தூக்கமும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். இருவரும் சந்திப்பதே இல்லை. ஒருத்தி திரைக்குள் இருக்கிறாள், மற்றவன் அவளைப் பார்க்காமல் தூங்குகிறான். ஆக, இங்கே மனிதர்களை இணைத்திருப்பது அவர்கள் ஒருவரையொருவர் கவனிக்காததுதான். நாயகன், மோதல், தீர்வு என்ற கோட்டில் இதைச் சொல்லியிருந்தால் அந்தக் கோடே பொய்யாகியிருக்கும். ஒரு பெருங்கதையாடல் தன் மனிதர்களைக் கட்டிவைக்கும் தெம்பை இழந்துவிட்ட சமூகத்தை, கட்டுக்கோப்பான கதையில் எப்படி எழுதுவது?

எனக்குத் தகராறு இல்லாமல் இல்லை. நாய்களை அடைத்து வைத்திருக்கும் இடத்துக்கு காமிரா போகிறது. குற்றுயிராகக் கிடக்கும் நிஜ நாய்கள். பிறகு எழுத்துகள் வருகின்றன: இதைப் பார்க்கவும் நினைக்கவும் யாரும் விரும்புவதில்லை, நன்மை தீமை பற்றிய பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது என்ற பொருளில். தார்மீகப் பேச்சின் கழுத்தைப் பிடிக்கும் இடம் இது. சரி. ஆனால் நோய் என்று சொன்னதும் பொறுப்பு எல்லோர் மேலும் சமமாகப் பரவிவிடுகிறதே. மீனுக்கு முட்டுகிறவளும், படத்தை முடக்கும் அதிகாரியும் ஒரே நோயாளிகளா? அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை இந்தப் படம் கேட்பதில்லை. ‘அவநம்பிக்கைவாதம்’ என்று அன்றிரவு ஒரு நண்பர் ஒதுக்கியதை நான் ஏற்கவில்லை. இந்தக் குறையை ஏற்கிறேன்.

இருந்தும் படம் என்னை விடவில்லை. காரணம் அதன் தொடக்கம். வயதான மூன்று பெண்கள் நின்றுகொண்டு, டால்ஸ்டாயை எல்லோரும் படித்துவிட்டால் எல்லோரும் நல்லவர்களாக, அறிவாளிகளாக ஆகிவிடுவார்கள் என்று சின்ன வயதில் நினைத்ததாக ஒரே குரலில் திரும்பத்திரும்பச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே சில ஆண்கள் ஒரு பூனையை வதைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிறுபத்திரிகை நடத்துகிற, கூட்டம் போடுகிற, திரையிடுகிற நம் எல்லோருடைய நம்பிக்கையும் அந்தப் பெண்களுடையதுதானே. ‘சரியான’ பிரதியைக் கையில் கொடுத்துவிட்டால் ஆள் மாறிவிடுவான். நான் எம்.ஏ. தமிழ் படித்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

அன்றிரவு ஜனங்கள் எழத் தொடங்கியபோது, ‘கொஞ்சம் இருங்க, இது முக்கியமான படம், அப்புறம் விவாதிக்கலாம்’ என்று நான் குரல் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் அந்த மேடைக்காரர் அதையே சொன்னார். இருட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. எழுந்து போனவர்கள் மேல் வைத்திருந்த ஏளனம் அந்த இடத்தில் கழன்றது. காலையில் ஐந்து மணிக்கு வேலைக்குப் போகவேண்டியவர் அதில் இருந்தார். அவர் ஏன் போனார் என்று நான் கேட்டதே இல்லை.

அடுத்த மாதம் இதே படத்தைத் திரும்பப் போடுகிறோம். முன்னுரை கிடையாது. எழுந்து போனவர்களை முதலில் போய்ப் பார்ப்பதாக இருக்கிறேன்.