தீர்ப்பை வைத்துக்கொண்டு வாசிப்பவர்கள்

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு சிற்றூரில், தொழிற்சங்க அலுவலக மாடியில் நடந்த வாசகர் கூட்டத்தில் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். கிழித்துத் தொங்கப் போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெண்மணிக் கொடுமையை ஒரு பண்ணையாரின் ஆண்மைக் குறைவாகச் சுருக்கிய பிராய்டியத் திரிபு. வர்க்கப் போராட்டத்தைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் அடைத்த நாவல். 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு கொடுத்ததே அதற்காகத்தான் என்றெல்லாம். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து செருப்பை மாட்டும்போது, மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், கேட்டார்: "தம்பி, அந்தக் குடிசைக்குள்ள இருந்தாங்களே, அவங்க அந்தப் பொஸ்தகத்துல என்ன பேசிக்கிறாங்க?"

எனக்குப் பதில் தெரியாது. நான் வாசித்திருந்தது அறுபது பக்கம். மீதிக்கு இரண்டு விமர்சனக் கட்டுரைகள்.

இதைப் பாவமன்னிப்புக்காகச் சொல்லவில்லை. நம் வட்டாரத்தில் வாசிப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. முதலில் தீர்ப்பு வருகிறது. புத்தகம் அப்புறம் வருகிறது. பல சமயம் வருவதே இல்லை. வந்தாலும், நமக்கு முன்பே தெரிந்த விஷயத்துக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டே போகிறோம். கடைசிப் பக்கத்தில் நாம் நாமாகவே இருக்கிறோம். அமைப்பியல், பின்நவீனத்துவம் எல்லாம் வந்து இதை மாற்றியதா என்றால், சாக்குகள்தான் கூடின. ரோலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தது வாசகனுக்கு வேலையைக் கூட்டுவதற்காக. நம்மவர்கள் அதை வாசகனுக்குக் கிடைத்த விடுமுறையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரதியைக் கட்டுடைக்கிறேன் என்று கிளம்புகிறவன் கட்டு எங்கே விழுந்திருக்கிறது என்றாவது பார்க்க வேண்டாமா?

அந்த வாரமே நாவலை முழுசாக வாசித்தேன். ஆண்மைக் குறைவு பற்றிய குற்றச்சாட்டு அப்படியேதான் நின்றது. அதை நான் இன்றும் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு என் கண்ணை வேறொன்றிலிருந்து திருப்பியிருந்தது. அந்தக் கிராமத்தை நாம் பெரிதும் பார்ப்பது கோபால், சிவா என்ற, டில்லியிலிருந்து வந்த படித்தவர்களின் வழியாக. அவர்கள் யோசிக்கிறார்கள், விவாதிக்கிறார்கள், குற்றவுணர்வு கொள்கிறார்கள். நாவலை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் கண்ணையா நாயுடுவின் உடம்பையே பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர் கேட்டதோ குடிசைக்குள் இருந்தவர்களை.

பிறகு அந்த வழக்கின் தீர்ப்பைப் பற்றித் தேடி வாசித்தேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரிந்துபோனவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடுதல் கூலியும் செங்கொடியும்தான் தகராறு. கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. நிலபுலன் உள்ள, காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள், வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்கிற ரீதியில் போகிறது அதன் தர்க்கம்.

இதுவும் ஒரு வாசிப்புதானே? சாட்சியம் ஒரு பிரதி. அதை வாசித்தவர்களின் மனசில் 'மிராசுதார் என்றால் இப்படித்தான் இருப்பார்' என்றொரு சித்திரம் முன்கூட்டியே இருந்தது. சாட்சிகள் சொன்னது அந்தச் சித்திரத்தோடு பொருந்தவில்லை. ஆகவே சாட்சிகள் சொன்னது விழுந்தது. நாவலாசிரியரை நீதிமன்றத்தோடு சமப்படுத்தவில்லை; யார் எரித்தார்கள் என்பதில் நாவலுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது ஒன்று தெரிகிறது: நாவல் பண்ணையாரின் அவமானத்தில் காரணத்தைத் தேடுகிறது, தீர்ப்பு மிராசுதாரின் கௌரவத்தில் மறுப்பைத் தேடுகிறது. இரண்டுக்கும் மையம் அவர்தான்.

மூன்றாவதாக என் பேச்சு. 'கூலி விவசாயிகள்' என்று நாற்பது தடவை சொல்லியிருப்பேன். எரிந்தவர்கள் தலித்துகள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆசிரியர் சாதியைப் பேசவில்லை, பாலியலைப் பேசிவிட்டார் என்று குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? டில்லியிலிருந்து வந்த சிவாவுக்கும் ஜோல்னாப் பையோடு பஸ் ஏறிப்போன எனக்கும் தூரம் அதிகமில்லை.

பதில் சொல்ல அதே ஊருக்குத் திரும்பப் போனேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, நீங்களா சொல்ல வேணாம். சத்தமாப் படிங்க, நாங்களும் கேக்குறோம்" என்றார். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை படித்தோம். நாயுடுவின் உடம்பு விவகாரம் வந்த இடத்தில் நான் நிறுத்தி விளக்கப் பார்த்தேன். "அது கெடக்கட்டும், மேல படிங்க" என்றார்கள். நான் வழுக்கிக்கொண்டு போன இடங்களில் அவர்கள் நிறுத்தினார்கள்: இவன் எந்தத் தெரு, இதை யார் பார்த்துச் சொல்றது, இவளுக்குப் பேர் என்ன. இருபது வருஷமாக நான் பழகிய எந்தக் கோட்பாடும் அந்தக் கேள்விகளை என்னைக் கேட்க வைத்ததில்லை.

எதிரியின் பிரதியைக்கூட முழுசாக வாசித்தவர்கள் நம் மரபில் இருக்கிறார்கள். அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மஹாடில் மனுஸ்மிருதியை எரிக்கச் செய்தார். எரித்ததோடு விடாமல், அதற்குப் பிறகும் வரி வரியாக அதை எடுத்துவைத்து வாதாடிக்கொண்டிருந்தார். பெரியார் இராமாயணத்தை மறுத்தது கேள்விப்பட்டதை வைத்து அல்ல; வால்மீகியில் எந்தக் காண்டம், எந்தச் சருக்கம் என்று காட்டித்தான். பகைமையோடு வாசிப்பது தப்பில்லை. வாசிக்காமல் பகைப்பதுதான் சோம்பேறித்தனம். எதிராளிக்கு அது ரொம்ப வசதி.

இப்போது நான் செய்வது சொற்பம்தான். புத்தகம் முடியும்வரை விமர்சனத்தைத் தொடுவதில்லை. உடன்பாடான வரிக்கு அடிக்கோடு போடுவதை நிறுத்திவிட்டேன். தடுக்கிய இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி. முடித்ததும் அந்தக் கேள்விக்குறிகளை மட்டும் திரும்ப வாசிக்கிறேன். பாதி இடங்களில் தடுக்கியது புத்தகம் அல்ல, நான்தான். அதே சம்பவத்தைப் பற்றி வேறு அதிகாரத்திலிருந்து எழுதப்பட்ட இன்னொன்றை, அது தீர்ப்போ அரசு அறிக்கையோ துண்டுப்பிரசுரமோ, பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். எந்தப் புத்தகம் யாரைப் பற்றிப் பேசுகிறதோ, அவர்கள் அதில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கிறேன். மேடையில் ஏறுவதற்கு முன்னால் என் குறிப்புகளையும் அதே கேள்வி கேட்கிறேன். பல தடவை குறிப்புகளைக் கிழித்துப் போட வேண்டியிருக்கிறது.